"நீங்க கைவெச்ச பிறகுதான் டிரிப் ஆகுது": பழுதான சாதனமும் வாடிக்கையாளர் சண்டையும், எலக்ட்ரீஷியன்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு வயரிங் வேலை செய்பவர்களுக்காக எழுதியது இது. ஒரு சாதனம் பழுதாகி ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர்) விழுகிறது, வீட்டுக்காரர் உங்களைக் குற்றம் சொல்கிறார், சாதனத்துக்காரர் வயரிங்கைக் குற்றம் சொல்கிறார். நடுவில் நிற்கும் நாம் என்ன செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று பல வருடமாகப் பலரும் என்னிடம் கேட்டதைத் தொகுத்திருக்கிறேன்.

புது ஆர்சிசிபி போட்டுவிட்டு வந்தேன். மறுநாளே போன்: "பழசு இருந்தப்போ ஒருநாளும் கரண்ட் நின்னதில்லை, நீங்க மாத்தினதிலிருந்து நாலு தடவை விழுந்துடுச்சு." என்ன பதில் சொல்வது?

இந்தத் தொழிலில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: நேற்று வரை ஓடியது, நீங்கள் வந்து போனீர்கள், இன்று நிற்கிறது.

நடந்தது என்ன? முன்பு அங்கே பியூஸ் அல்லது எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட்டுக்கு மட்டும் விழும் பிரேக்கர்) மட்டும் இருந்திருக்கும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் கோபம் வரும், அதுவும் கொஞ்சம் கூடினால் உடனே விழாது, நேரம் எடுக்கும். நீங்கள் போட்ட ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர், அதாவது ஐந்நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கீசரிலோ வாஷிங் மெஷினிலோ பல மாதமாக 40 மில்லி ஆம்பியர் எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தால் பழைய எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. எனவே பழுது புதிதாக வரவில்லை, அதைப் பார்க்கும் கண்தான் புதிதாக வந்திருக்கிறது.

ஆனால் இதைப் போனில் விளக்கினால் சாக்குபோக்கு போலத்தான் கேட்கும். "நான் வர்றேன், நீங்க பக்கத்துல நில்லுங்க, ஒவ்வொண்ணா கழட்டிப் பார்ப்போம், எது காரணம்னு உங்க கண்ணால பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். நேரில் காட்டுவதற்கு இணையான விளக்கம் கிடையாது.

இந்தச் சண்டையே வராமல் இருக்க ஒரு வழி உண்டு. ஆர்சிசிபி போடுவதற்கு முன்பே மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) ரீடிங் எடுத்து, பெரிய சாதனங்களையும் சோதித்து, "இந்த கீசர் ரீடிங் மோசமா இருக்கு, புது பிரேக்கர் போட்டா இது ஓடாது" என்று சொல்லிவிட வேண்டும். வேலைக்கு முன்னால் சொன்னால் எச்சரிக்கை. அதையே பிறகு சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் கூடுதலாகச் செலவாகும், ஆனாலும் செய்யுங்கள்.

போனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

எந்த லீவர் கீழே விழுந்திருக்கிறது, அதன் மேல் சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கிறதா? பட்டன் இருந்தால் ஆர்சிசிபி, அல்லது ஆர்சிசிபி, எம்சிபி இரண்டின் வேலையும் சேர்த்துச் செய்யும் ஆர்சிபிஓ. இல்லாவிட்டால் பெரும்பாலும் எம்சிபி, அப்போது லீக்கேஜ் பேச்சே வேண்டாம், ஓவர்லோடு அல்லது ஷார்ட். அப்புறம், தூக்கிவிட்ட உடனே விழுகிறதா, கொஞ்ச நேரம் கழித்தா? அந்த நேரத்தில் எது ஓடிக்கொண்டிருந்தது? மழை பெய்ததா? இந்த நான்கு கேள்விக்குப் பதில் கிடைத்தால் எந்தக் கருவியை எடுத்துக்கொண்டு போவது என்பது முடிவாகிவிடும். சாதனத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று அவர் சொன்னால் வேறு எதுவும் கேட்காமல் மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்கள்.

சாதனம்தான் காரணம் என்று அடித்துச் சொல்வதற்கு எவ்வளவு ஆதாரம் வேண்டும்?

"இதைச் சொருகினேன், விழுந்தது, ஆக இதுதான்" என்று நம்மில் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அது சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. ஏனென்றால் அந்தச் சர்க்யூட்டில் ஏற்கனவே 18 மில்லி ஆம்பியர் வேறு எங்கோ கசிந்துகொண்டிருக்க, நல்ல நிலையில் உள்ள இந்த மெஷின் 3 மில்லி ஆம்பியர் சேர்த்திருக்கலாம். ஒட்டகத்தின் முதுகில் கடைசியாக வைத்த துரும்பைப் பிடித்து அடித்த கதையாகிவிடும்.

நான் மூன்று படியாகப் போவேன். முதலில் பிரேக்கரையே சோதிப்பது. ஆர்சிசிபியின் லோடு பக்கத்து ஒயர்களைக் கழற்றிவிட்டு ராம்ப் டெஸ்ட் (கசிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்கும் சோதனை) எடுத்தால் எத்தனை மில்லி ஆம்பியரில் விழுகிறது என்று தெரியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கே விழுந்தாலும் அது சரியாக இருக்கிறது என்றே அர்த்தம். 10-லேயே விழுந்தால் பிரேக்கரே கோளாறு, வாடிக்கையாளர் சொன்னது உண்மை, மாற்றிக் கொடுங்கள்.

அடுத்தது வயரிங். எல்லாப் பிளக்கையும் கையால் உருவி எடுத்த பிறகு, 500 வோல்ட்டில் லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து எர்த்துக்கு மெகர் போடுவது. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் வயரிங்கில் வேலை இருக்கிறது. பிளக்கை உருவாமல் 500 வோல்ட்டை விடாதீர்கள், எலக்ட்ரானிக் பொருள் போய்விட்டால் உண்மையாகவே நீங்கள்தான் பொறுப்பு.

மூன்றாவதாகத்தான் சாதனம். பிளக் டாப்பில் லைன் பின்னையும் நியூட்ரல் பின்னையும் சேர்த்து, எர்த் பின்னுக்கு எதிராக மெகர். சாதனத்தின் சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைன் பக்கம் அந்த சுவிட்ச் வரைக்கும்தான் சோதித்ததாக ஆகும். 230 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிய, லைன் பக்கத்திலிருந்து எர்த்துக்கு ஏறக்குறைய 7,700 ஓம் தடை இருந்தால் போதும். மெகரில் 0.01 மெகா ஓம் என்று காட்டும் கீசரைப் பற்றி இரண்டாம் கருத்தே வேண்டாம்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. இப்போதைய வாஷிங் மெஷின், டிஷ்வாஷர், ஓவன் பலவற்றிலும் ஹீட்டருக்கு முன்னால் ரிலே (போர்டு இயக்கும் சுவிட்ச்) இருக்கிறது. மெஷினுக்குள் கரண்ட் வந்து, போர்டு கட்டளை கொடுத்தால்தான் அது மூடும். பிளக்கிலிருந்து மெகர் போட்டால் ஹீட்டரின் லைன் முனையை எட்டாமலே போகலாம், சில மெஷின்களில் இரண்டு முனையையும். ரீடிங் 200 மெகா ஓம் என்று அழகாக வரும். மெஷினை ஓட்டி, தண்ணீர் சூடாக ஆரம்பித்ததும் டப்பென்று விழும். அந்த மாதிரிச் சாதனங்களுக்கு, ஒயரைச் சுற்றிப் பிடித்து லீக்கேஜ் அளக்கும் கிளாம்ப்தான் சரி. லைனையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே கிளாம்ப்புக்குள் விட்டு மெஷினை ஓடவிடுங்கள், போவதும் வருவதும் சமமாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். சாதாரண டங் டெஸ்டர் (வழக்கமான கிளாம்ப் மீட்டர்) இந்தச் சின்ன மில்லி ஆம்பியரைக் காட்டாது, அதற்கென்று உள்ளதை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அதிகம் சண்டையை மிச்சப்படுத்தித் தந்த கருவி அதுதான்.

"சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன், அப்பவும் விழுது. அப்போ மெஷின் காரணமில்லைதானே?" என்கிறார்.

சுவிட்ச் லைனை மட்டும்தான் துண்டிக்கிறது. மெஷினுக்குள் நியூட்ரல் பக்கம் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஃபேன், லைட் என்று வேறு எது ஓடினாலும் அதன் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு இந்த மெஷின் வழியாக எர்த்துக்குப் போய்விடும், ஆர்சிசிபி விழும். "சுவிட்ச் ஆஃப்ல இருக்கட்டும், பிளக்கை மட்டும் உருவுங்க" என்று வீட்டுக்காரரையே உருவச் சொல்லுங்கள். விழுவது நின்றுவிட்டால் அவரே ஒப்புக்கொள்வார். அந்தச் சர்க்யூட்டின் எம்சிபியை ஆஃப் செய்த பிறகும் விழுவதற்கும் இதே காரணம்தான், லைனை மட்டும் துண்டிக்கும் சிங்கிள் போல் எம்சிபி நியூட்ரலை விட்டுவிடுகிறது.

"பக்கத்து வீட்டுல கொண்டுபோய்ப் போட்டேன், ஜம்முனு ஓடுது!" இதற்கு என்ன பதில்?

இதுதான் வாடிக்கையாளர் கையில் உள்ள பெரிய ஆயுதம். கேட்கும்போது நியாயமாகவும் இருக்கும். அதே மெஷின் அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை என்றால் கோளாறு இங்கேதானே என்று யாருக்கும் தோன்றும்.

ஒரு தடவை கெட்டில் ஒன்றுக்காக இப்படி நடந்தது. ஸ்டீல் பாடி கெட்டில், மெகரில் பார்த்துவிட்டு இதுதான் காரணம் என்று சொன்னேன். அந்த அம்மா கேட்கவில்லை. கெட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். அங்கே மரப்பலகை மேல் வைத்துச் சொருகினார்கள், இரண்டு நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. "பார்த்தீங்களா தம்பி" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. பிளக்கை உருவிவிட்டு, அந்தச் சாக்கெட்டின் லைனுக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவில் மீட்டர் வைத்தேன், ஒன்றும் காட்டவில்லை. சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த் ஒயரே வரவில்லை. அப்புறம் அந்த அம்மா வீட்டு எர்த்திலிருந்து ஒரு நீள ஒயரை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து, யாரையும் கெட்டிலைத் தொடவிடாமல் மறுபடி ஆன் செய்து, அந்த ஒயருக்கும் கெட்டில் பாடிக்கும் நடுவில் மீட்டரைப் பிடித்தேன். 180 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. மரப்பலகையும் அவர் காலில் இருந்த செருப்பும்தான் அதுவரை காப்பாற்றி வந்திருக்கின்றன. ஈரத் துணியோடு நின்றிருந்த பக்கத்து வீட்டுப் பெண் இரண்டடி பின்னால் நகர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

அங்கே ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. அங்கே ஆர்சிசிபியே இல்லை. அல்லது எர்த் இல்லை, அதனால் கசிந்த கரண்டுக்குப் போக வழியில்லாமல் பாடியிலேயே காத்திருக்கிறது, அடுத்து யாராவது தொட்டால் அவர் வழியாகப் போகும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: ஒரு சாக்கெட்டில் லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கலாம். ஹீட்டர் காயிலின் ஒரு முனைக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்திருந்தால், அந்த முனை லைன் பக்கம் வரும்போது முழு வோல்ட்டேஜில் கசியும், நியூட்ரல் பக்கம் வரும்போது கசிவு மிகவும் குறைந்துவிடும். அதே வீட்டில் ஹாலில் ஓடி, சமையலறையில் விழும் சாதனத்தைக் கண்டால் முதலில் இதைப் பாருங்கள். இதில் ஒரு சாக்கெட்டின் இணைப்புத் தவறு என்பது வயரிங் பழுதுதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து "மெஷின் ஓகே, வயரிங் பிராப்ளம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது என்ன செய்வது?

அவரைத் திட்டாதீர்கள். வீட்டுக்காரர் முன்னால் நீங்கள் ஒருவரை ஒருவர் குறை சொன்னால் இருவர் மேலும் நம்பிக்கை போய்விடும், பாதிக்கப்படுவது அந்த வீடுதான்.

எப்படிச் சோதித்தார் என்று கேளுங்கள், மரியாதையாகவே. மெஷின் சுற்றியதா, தண்ணீர் பிடித்ததா, எரர் கோடு வந்ததா என்று மட்டும் பார்த்திருக்கலாம். மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்திருந்தால், அதன் பேட்டரி கொடுக்கும் சில வோல்ட்டில் ஈரம் ஏறிய ஹீட்டரும் நன்றாகவே தெரியும், 230 வோல்ட் வரும்போதுதான் இன்சுலேஷன் கைவிடும். மெஷின் குளிர்ந்திருந்தபோது பார்த்தாரா, ஹீட்டிங் நடக்கும்போது பார்த்தாரா என்பதும் முக்கியம்.

பேச்சை விட்டுவிட்டு எண்ணுக்கு வாருங்கள். வீட்டுச் சாதனங்களுக்கான ஐஇசி 60335 என்ற சர்வதேசத் தரத்தில் லீக்கேஜுக்கு வரம்பு உண்டு. எர்த் பின் உள்ள, கையில் எடுத்துப் போகும் சாதனத்துக்கு 0.75 மில்லி ஆம்பியர். ஒரே இடத்தில் இருக்கும் மோட்டார் சாதனத்துக்கு 3.5. ஒரே இடத்தில் இருக்கும் ஹீட்டிங் சாதனத்துக்குக் கிலோவாட்டுக்கு 0.75 வீதம், அதிகபட்சம் 5. உங்கள் கிளாம்ப்பில் ஹீட்டிங் நேரத்தில் 22 மில்லி ஆம்பியர் வந்திருந்தால், அந்த எண்ணையும், எந்தக் கட்டத்தில் வந்தது என்பதையும், வீட்டு வயரிங்கின் மெகர் ரீடிங்கையும் ஒரே தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். "அடுத்த தடவை அவர் வரும்போது இதைக் காட்டுங்க, ஹீட்டிங் ஓடும்போது அளக்கச் சொல்லுங்க, முடிஞ்சா நானும் அந்த நேரத்துக்கு வர்றேன்" என்று சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மெஷின் முன்னால் நின்றால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நான் பார்த்தவரை, இருவரும் தனித்தனியாக வந்து போகும் வரைக்கும்தான் இந்த இழுபறி.

ஒவ்வொன்றாகப் போட்டால் எதுவும் விழவில்லை. எல்லாம் சேர்ந்தால் விழுகிறது. யார் தவறு?

யார் தவறும் இல்லாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி, எல்இடி டிரைவர் பலவற்றிலும் மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கிறது, அது நல்ல நிலையிலேயே கொஞ்சம் எர்த்துக்கு விடும். பத்துப் பதினைந்து பொருளை ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்குக் கீழே கட்டினால் கூட்டுத்தொகை 15-ஐத் தொடும், அதற்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழ அதற்கு உரிமை உண்டு. சாதாரணமாக ஓடும்போது கசிவு பிரேக்கர் அளவில் 30 சதவீதத்துக்குள், அதாவது 9 மில்லி ஆம்பியருக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. தாண்டினால் சர்க்யூட்டைப் பிரித்து, இன்னொரு ஆர்சிசிபியோ தனித்தனி ஆர்சிபிஓவோ போட வேண்டும்.

இது பழுதுபார்ப்பு இல்லை, புதிய வேலை என்பதை வீட்டுக்காரருக்குப் புரியவைத்துத் தனியாகக் கூலி பேசுங்கள். ஆனால் அந்த போர்டை முதலில் வடிவமைத்ததே நீங்கள் என்றால், முழு வீட்டையும் ஒரே ஆர்சிசிபியில் கட்டியது உங்கள் முடிவு என்றால், கூலியில் விட்டுக்கொடுக்க வேண்டியது உங்கள் பக்கம்தான் என்பது என் கருத்து.

தவறு என் வேலையில் இருந்தால்?

சொல்லிவிடுங்கள், அதே நாளில், அதே வாயால்.

ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று இரண்டு தடவை போய் வாதாடினேன். ஃப்ரிட்ஜைச் சொருகினால் விழுகிறது, உருவினால் நிற்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு, வேறு ஒரு நல்ல டேபிள் ஃபேனை அதே சாக்கெட்டில் சொருகிப் பார்த்தேன். விழுந்தது. போர்டைக் கழற்றினால், நியூட்ரல் ஒயரில் இன்சுலேஷனைத் தேவைக்கு மேல் அரை விரல்கடை சீவியிருக்கிறது, பிளக்கை அழுத்தும்போது சாக்கெட் பின்னால் நகர்ந்து அந்தச் செம்பு எர்த் டெர்மினலைத் தொடுகிறது. சீவியவன் நான்தான். அந்த ஒயரை வீட்டுக்காரரிடம் காட்டி, என்ன நடந்தது என்று சொல்லி, முதல் இரண்டு தடவை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இன்றும் என்னைத்தான் கூப்பிடுகிறார். அந்த வேறு ஒரு நல்ல சாதனத்தைச் சொருகும் சோதனையை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. நீங்கள் மறக்காதீர்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி வருபவை: இரண்டு ஆர்சிசிபி உள்ள போர்டில் ஒன்றின் நியூட்ரலை இன்னொன்றின் நியூட்ரல் பாரில் போட்டிருப்பது, படிக்கட்டு லைட் மாதிரி இடங்களில் பக்கத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலை இரவல் எடுத்தது, சுவரில் அடித்த ஸ்க்ரூ ஒயரை உரசுவது, வெளிப்புற லைட்டுக்குள் தண்ணீர். முதல் இரண்டும் போர்டை மாற்றிய அன்றே விழ ஆரம்பிக்கும், அப்போது சாதனத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் போர்டைத் திறந்து பாருங்கள்.

"எனக்கு டிரிப் ஆகாம இருந்தா போதும், எர்த்தைக் கழட்டிவிடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று வற்புறுத்துகிறார்.

முடியாது. இதில் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை.

எர்த்தைக் கழற்றினால் டிரிப் நிற்கும் என்பது உண்மைதான். கசிவு நின்றதால் அது நிற்கவில்லை, கசிவுக்கு இருந்த வழியை நாம் அடைத்துவிட்டோம். ஆர்சிசிபி இருந்தால் தொட்டவருக்கு அடித்த பிறகாவது விழும், அதையும் பைபாஸ் செய்திருந்தால் அதுவும் இல்லை. 30-க்குப் பதிலாக 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் பிரேக்கரைப் போடச் சொல்வார்கள் சிலர். அவை தீப்பிடிப்பைத் தடுக்கவும் மெயினில் போடவும் உள்ளவை. 30 என்ற எண்ணே மனித உடல் தாங்குவதை வைத்து வந்தது, அது உங்கள் வசதிக்கும் என் வசதிக்கும் நகராது.

ஆனால் "முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினால் அடுத்த மணி நேரத்தில் வேறு யாரையாவது கூப்பிட்டு அதைச் செய்துகொள்வார். அவருக்கு உடனே தேவைப்படுவது வீட்டில் கரண்ட். எனவே பழுதான சாதனத்தை மட்டும் கழற்றி, பிளக்கில் டேப் சுற்றி, "பழுது, சொருக வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள். கீசர் போல நேரடியாக இணைத்ததாக இருந்தால் இரண்டு ஒயரையும் எடுத்து முனையை மூடிவிடுங்கள். மீதி வீடு ஓடட்டும். பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீடு என்றால் அவர்கள் பெயரைச் சொல்லியே பேசுவேன், "பாட்டி குளிக்கிற கீசர்தானே இது" என்று. பயமுறுத்துவதற்காக இல்லை, உண்மையிலேயே அவர்களை நினைத்துத்தான்.

நான் போனால் விழுவதில்லை, நான் திரும்பி வந்த பிறகு விழுகிறது.

ஒரு தாளும் பேனாவும் போர்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். விழுந்த நேரம், அப்போது எது ஓடியது, மழையா வெயிலா, இவ்வளவுதான் வீட்டுக்காரர் எழுத வேண்டும். ஒரு வாரத்தில் அந்தத் தாள் பேசும். சில மணி நேர இடைவெளியில் ஆள் இல்லாதபோதும் விழுந்தால் ஃப்ரிட்ஜில் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள், கம்ப்ரஸரை மட்டும் சோதித்துவிட்டு "ஃப்ரிட்ஜ் நல்லா இருக்கு" என்று சொன்னவர்கள் பலர். வாஷிங் மெஷின் ஆரம்பத்தில் விழுந்தால் ஹீட்டர், கடைசியில் வேகமாகச் சுற்றும்போது விழுந்தால் மோட்டார் அல்லது உரசிப்போன ஒயர். மழை நாளில் மட்டும் என்றால் வெளிப்புற சாக்கெட்டும் கேட் லைட்டும். இடி மின்னல் நேரத்தில் ஒரு தடவை மட்டும் விழுந்தது என்றால் விட்டுவிடலாம்.

பல மாதம் ஓடாத ஓவனும் ஹீட்டரும் தனி ரகம். காயிலுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும், முதல் நாள் விழும், காய்ந்த பிறகு சரியாகிவிடும். அதைப் பழுது என்று அவசரப்பட்டு எழுதிக் கொடுத்து, அவர் புதிதாக ஒன்று வாங்கிவிட்டால் அந்தச் செலவு நம் வாய்வார்த்தையால் வந்தது.

வாரண்டியில் இருக்கும் மெஷினைத் திறந்து பார்க்கலாமா?

வேண்டாம். பிளக்கிலிருந்தும் கிளாம்ப்பிலும் கிடைக்கும் ரீடிங் போதும். ஸ்டிக்கர் கிழிந்த பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

"ஒண்ணும் சரிபண்ணலையே, எதுக்குப் பணம்?" என்கிறார்.

கண்டுபிடிப்பதுதான் வேலை என்பதைக் கிளம்புவதற்கு முன்பே போனில் சொல்லியிருக்க வேண்டும்: "வந்து பார்த்துக் காரணத்தைச் சொல்றதுக்கு இவ்வளவு, வயரிங்ல வேலை இருந்தா அது தனி, மெஷின்ல இருந்தா நான் சரிபண்ண மாட்டேன், எழுதிக் கொடுப்பேன்." சொல்லாமல் போயிருந்தால், அந்தத் தடவை கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த தடவையிலிருந்து சொல்லுங்கள்.

டிரிப் ஆகி ஆகியே டிவி போய்விட்டது, நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும் என்கிறார்.

ஆர்சிசிபி விழுவது கரண்ட் போவது மாதிரித்தான், அதனால் மட்டும் நல்ல டிவி போவது அபூர்வம். ஆனால் உடனே மறுத்துவிடாமல் ஒன்றைப் பாருங்கள். மூன்று பேஸ் வீட்டில் நியூட்ரல் லூஸாக இருந்தால் ஒரு பேஸில் வோல்ட்டேஜ் 300-ஐத் தாண்டியும் ஏறலாம், பல பொருள்கள் ஒரே நேரத்தில் போகும். நீங்கள் போர்டில் கைவைத்த பிறகு இது நடந்திருந்தால் நியூட்ரல் ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள். லூஸாக இருந்து, கடைசியாக அதை முறுக்கியவர் நீங்கள் என்றால் கணக்கு உங்களுடையது. இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு பேஸின் வோல்ட்டேஜையும் அளந்து எழுதிக் கொடுத்துவிட்டு, டிவியை அதற்குரியவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

எழுதிக் கொடுங்கள் என்கிறீர்கள், என்ன எழுதுவது?

"மெஷின் பழுது" என்று இரண்டு வார்த்தை எழுதாதீர்கள். அது கருத்து, யாரும் மறுக்கலாம். என்ன செய்தோம், என்ன வந்தது என்பதை எழுதுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர், லோடு கழற்றிய நிலையில் 24-ல் விழுந்தது. எல்லாப் பிளக்கும் உருவிய பிறகு வீட்டு வயரிங், 500 வோல்ட்டில் 60 மெகா ஓம். சமையலறை சாக்கெட்டில் எர்த் உள்ளது, லைன் நியூட்ரல் சரியாக உள்ளன. அதே சாக்கெட்டில் வேறு சாதனம் ஓட்டிப் பார்த்தேன், விழவில்லை. வாஷிங் மெஷின் தண்ணீர் பிடிக்கும்போது கசிவு 1 மில்லி ஆம்பியர், ஹீட்டிங் தொடங்கியதும் 26, உடனே ஆர்சிசிபி விழுந்தது. மூன்று தடவை இப்படியே நடந்தது. வீட்டுக்காரர் உடனிருந்து பார்த்தார். மெஷின் கழற்றி வைக்கப்பட்டுள்ளது. மெஷின் சர்வீஸ் ஆள் ஹீட்டரைச் சோதிக்க வேண்டும்."

கீழே தேதி, நேரம், உங்கள் கையெழுத்து, வீட்டுக்காரர் கையெழுத்து. மீட்டர் ரீடிங் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள், இன்னொரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.